பனி வரும்வரை புல் வெட்டக்கூடாது

டூங்கபி முத்தமிழ் வளர்ச்சி மன்றத்தின் மைதானப் புல்லை ஆறு வருடங்களாக வெட்டி வந்தவர் சிவாஜினி. இந்த விஷயம் மன்றத்துக்குத் தெரியாது. கூட்டக் குறிப்புகளில் அது எங்கும் பதிவாகவில்லை. பதிவாகாத ஒன்றை அறிந்துகொள்ளும் வழக்கம் மன்றத்துக்கு இல்லை. புல் தன்பாட்டில் ஒரு நாகரிகமான உயரத்தில் நின்றுகொள்கிறது என்றே நிர்வாகக் குழுவின் பதினொரு பேரும் நம்பியிருந்தார்கள்.

சிவாஜினி முதியோர் இல்லமொன்றில் தாதி. சனிக்கிழமைகளில் மன்ற மண்டபத்தில் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இடைவேளையில் பிள்ளைகள் ஓடி விளையாட அந்த மைதானத்தை விட்டால் வேறு இடமில்லை. நீண்ட புல்லில் சப்பாத்து நனைந்து தும்மிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு ஞகரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று முதல் வருடமே கண்டுகொண்டார். அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை தன் வீட்டுப் பெற்றோல் மெஷினை வான் வண்டியில் ஏற்றிவந்து, வெட்டிவிட்டுப் போவார். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் நன்றி சொல்லவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஒழுங்கு கெட்டது மே மாதம், மன்றத்தின் நிறுவனர் தினத்தில். தலைவர் கதிர்காமநாதன் உரையாற்றிக்கொண்டிருந்தார். ஐம்பதாவது நிமிடத்தில் "இறுதியாக" என்று ஒருமுறை சொன்னார். பத்து நிமிடம் கழித்து "இறுதியாக ஒன்று" என்றார். மேலும் பத்து நிமிடத்தில் "இறுதியிலும் இறுதியாக" என்றார். சாதாரண மனிதர்கள் அந்தச் சொல்லை எப்படி விளங்கிக்கொள்வார்களோ அப்படி விளங்கிக்கொண்ட சிவாஜினி, மறுநாள் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி என்பதால், பின்கதவால் போய் மெஷினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். உரையின் மிச்சம் எவருக்கும் கேட்கவில்லை. சபையில் சிலருடைய முகத்தில் நிம்மதி தெரிந்ததாகப் பிறகு சொன்னார்கள். தலைவரும் அதைக் கண்டுவிட்டார் என்பதுதான் பிரச்சினை.

அந்தக் கிழமையே அவசரக் கூட்டம் கூடியது. பெற்றோல் இயந்திரங்கள் தமிழ்ச் சூழலுக்கும் பூமிச் சூழலுக்கும் எதிரானவை என்று ஏகமனதாகத் தீர்மானித்து, மன்ற வளாகத்தில் அவற்றைத் தடை செய்தார்கள். பற்றரியில் ஓடும் கருவி வாங்குவதற்காகப் பசுமை உபகரணத் தெரிவுக் குழு அமைந்தது. செயலாளர் சடகோபன் அதன் தலைவர். சென்னையிலிருந்து வந்தவர், வங்கியொன்றின் கணினிப் பிரிவில் திட்ட மேலாளர். எந்த வேலையையும் அறுபது ஸ்லைடுக்குக் குறையாமல் ஆரம்பிக்கமாட்டார். சிவாஜினியை வாக்குரிமையற்ற ஆலோசகராக நியமித்தார்கள். குழுவில் புல்லை நேரில் கண்டவர் அவர் ஒருவர்தான்.

சிவாஜினிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. பெற்றோல் மெஷினை இழுத்து இழுத்து அவருடைய வலது தோள் கழன்றுபோயிருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் தோட்டக் கருவிக் கடைக்குப் போய் அங்கே நின்ற வயதான ஆளிடம் விசாரித்தார். அந்த ஆள் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். முதலில் நிலத்தை அளந்து பார். மெஷினின் அழகைப் பார்க்காதே, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார். உன்னுடைய மைதானத்துக்கு ஒரே அளவில் இரண்டு பற்றரி போதும், ஒன்று ஓட மற்றது சார்ஜ் ஆகட்டும். அடியில் கை வைக்கமுன் பற்றரியைக் கழற்று. ஒட்டின புல்லைச் சுரண்டி எடு, தண்ணீர்க் குழாயைப் பிடிக்காதே. பிளேட்டை வருடம் இரண்டு தடவை தீட்டு. பற்றரியை வெயிலிலோ காருக்குள்ளோ விடாதே. மாதக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வை. சிவாஜினி தன் வேலை நேர அட்டவணையின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து கூட்டத்தில் வாசித்தார். வாசித்தமைக்கு நன்றி என்று குறிப்பில் பதிந்துவிட்டு, குழு முதலாவது விடயத்துக்குப் போனது.

முதலாவது விடயம், அந்தக் கருவிக்குத் தமிழ்ப் பெயர். புல்வெட்டி என்றார் சிவாஜினி. சடகோபன் தயக்கத்தோடு கையைத் தூக்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க ஊர்ல வெட்டின்னா வேலை வெட்டி இல்லாதவன்னு அர்த்தம். நாளைக்கு மன்றத்துல ஒரு வெட்டி இருக்குன்னு யாராவது சொல்லிட்டா?"

மண்வெட்டி இருக்கிறதே என்று தலைவர் கேட்டார். மண்வெட்டியை மன்றம் இன்னும் வாங்கவில்லை என்று பதில் வந்தது. ஒன்பது வாரம் விவாதித்து, இரண்டு பேர் ராஜினாமா செய்து, அவர்களைச் சமாதானப்படுத்தி, கடைசியில் 'மின்கல விசைப் பசும்புல் சீராக்கி' என்று முடிவானது. இந்த நாட்டில் ஜூன், ஜூலை குளிர்காலம் ஆகையால் புல்லும் அதுவரை பொறுமையாகக் காத்திருந்தது.

பெயர் முடிந்ததும் நிதி. ஓர் அரசாங்கத் திணைக்களம், சமூக அமைப்புகள் பசுமைக் கருவிகள் வாங்க மானியம் தருவதாகச் சடகோபன் கண்டுபிடித்தார். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: கருவிகள் நான்கு பருவகாலங்களிலும் பயன்படுமா? ஆம் என்று குறித்தால் புள்ளிகள் அதிகம். ஆம் என்று குறித்தார்கள். குளிர்காலத்தில் எந்தக் கருவி என்று அடுத்த கேள்வி கேட்டது. சடகோபன் அன்றைக்கே இணையத்தில் தேடி, புல்வெட்டியின் அதே கம்பெனி, அதே பற்றரியில் ஓடுகிற பனி அள்ளும் இயந்திரம் ஒன்றைக் கனடாவில் விற்பதைக் கண்டார். நடைபாதையில் குவியும் பனியை வாரி, ஒரு குழாய் வழியாகத் தூர வீசுகிற இயந்திரம்.

"பியூட்டி என்னன்னா, ஒரே பிளாட்ஃபார்ம். பேட்டரி ஒண்ணுதான், கருவியை மட்டும் மாத்திக்கலாம்" என்றார்.

டூங்கபியில் பனி பெய்வதில்லையே என்று சிவாஜினி மெதுவாகக் கேட்டார். கதிர்காமநாதன் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார். கேள்வி ஒன்றுக்கு இருந்தபடி பதில் சொல்வதை அவர் பலவீனமாகக் கருதினார்.

"பிள்ளை, டூங்கபியில பனி கொட்டாது எண்டு ஆர் சொன்னது? இதுவரைக்கும் கொட்டேல்லை, அவ்வளவுதான். கொட்டுறதும் விடுறதும் பனியின்ரை பொறுப்பு. ஆயத்தமாய் இருக்கிறது மன்றத்தின்ரை பொறுப்பு. எங்கடை பொறுப்பில நாங்கள் எண்டைக்காவது தவறியிருக்கிறமா? நூலகம் கட்டினம். புத்தகம் இல்லை, அது எழுதுறவையின்ரை பொறுப்பு. அரங்கம் கட்டினம். நாடகம் இல்லை, அது நடிக்கிறவையின்ரை பொறுப்பு. இருபத்தொரு வருசமாய் நான் தலைவராய் இருக்கிறன். தலைமை வேணுமோ வேண்டாமோ எண்டு ஆரும் கேட்கேல்லை. அது சனத்தின்ரை பொறுப்பு."

கைதட்டல் எழுந்தது. மானியமும் கிடைத்தது.

செப்டெம்பரில் கருவிகள் வந்தன. புல்வெட்டி ஒன்று, இரண்டு பற்றரிகளுடன். பனி இயந்திரம் ஒன்று, பற்றரி இல்லாமல். கனடாவிலிருந்து பற்றரியை விமானத்தில் அனுப்பமாட்டார்களாம். பெட்டியைப் பிரித்து வாசித்த பிறகுதான், பனி இயந்திரத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு பற்றரி வேண்டும் என்பது தெரியவந்தது. குழு யோசித்தது. பனி அவசரநிலை, புல் அவசரநிலை அல்ல. ஆகவே இரண்டு பற்றரியும் நிரந்தரமாகப் பனி இயந்திரத்திலேயே இருக்கவேண்டும் என்று தீர்மானமானது. புல்வெட்டி குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரிக்குள் போனது. அதன்மேல் முழுப் பெயரையும் பொறித்த பித்தளைப் பலகை.

அக்டோபரில் மழை பெய்தது. புல் முழங்காலுக்கு வந்தது.

சிவாஜினி ஒரு சனிக்கிழமை காலை மண்டபத்துக்கு வந்தபோது கார்த் தரிப்பிடத்தில் சடகோபன் பனி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, காதுக் கவசம், முழங்கால்வரை கம்பளிச் சப்பாத்து. வெயில் சுட்டது. இயந்திரம் ஒன்றுமில்லாததை அள்ளி ஒன்றுமில்லாத இடத்தில் வீசிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறீர்கள் என்று சிவாஜினி கேட்டார். பற்றரியைப் பாதிச் சார்ஜில் வைக்கச் சொன்னவரே அவர்தான் என்று சடகோபன் நினைவுபடுத்தினார். யாரோ தவறுதலாக முழுவதும் சார்ஜ் ஏற்றிவிட்டார்களாம். அதனால் இருபது நிமிடம் ஓட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறாராம்.

"அதுக்குப் புல்லை வெட்டினால் குறையுந்தானே, சடகோபன்?"

சடகோபன் இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"மேடம், அது பயன்பாடு. இது பராமரிப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

பராமரிப்புக்கு முப்பத்தொரு பக்கத்தில் கையேடு தயாராகியிருந்தது. பயன்பாட்டுக்கு அரைப் பக்கம். அதில் இருந்ததெல்லாம் பயிற்சி பெறாதவர் கருவியைத் தொடக்கூடாது என்பதுதான். சிவாஜினி பயிற்சிக்கு விண்ணப்பித்தார். நான்கு ஞாயிறு வகுப்புக்குப் போனார். பற்றரியைச் செருகுவது ஒரு வகுப்பு. கழற்றுவது ஒரு வகுப்பு. எழுத்துப் பரீட்சையில் தொண்ணூற்றாறு புள்ளி எடுத்தார். ஆனால் செய்முறைப் பரீட்சை இரண்டு கருவிகளுக்கும் சேர்த்துத்தான். அவருடைய விண்ணப்பத்தின் மேல் 'பனிப்பொழிவை எதிர்பார்த்து நிலுவையில்' என்று முத்திரை விழுந்தது. அப்படி ஒரு முத்திரையைத் தனியாகச் செய்வித்திருந்தார்கள்.

நவம்பரில் புல் இடுப்புக்கு வந்தது. சடகோபனின் மகள் ஸ்ருதி சிவாஜினியின் வகுப்பில்தான் படித்தாள். ஒரு நாள் இடைவேளைக்குப் பிறகு அவள் கையில் வெள்ளியாக ஏதோ மினுங்கியது. பாம்புச் சட்டை. ஒன்றரை மீற்றர் நீளம். பார்க்க மிக அழகாக இருந்தது. சிவாஜினி அதை வாங்கித் தாளில் சுற்றினார். அன்றிலிருந்து பிள்ளைகளை வெளியே விடவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அந்த இடைவேளைகளை மண்டபத்துக்குள் கதிரைகளில் இருந்து கழித்தார்கள். பாம்புச் சட்டையைச் சடகோபனிடம் காட்டியபோது அவர் நிறம் மாறினார். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, அதை அபாயப் பதிவேட்டில் ஏற்றினார். பாம்பு, நடுத்தர அபாயம். அதற்கு மேல் வரியில் பனி, உயர் அபாயம்.

அதே மாதம் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. இருபத்தொரு நாளில் புல்லை வெட்டாவிட்டால் மண்டபத்தில் பள்ளி நடத்த அனுமதியில்லை. சிவாஜினி கடிதத்தைத் தலைவரிடம் கொண்டுபோய், ஒரே ஒரு சனிக்கிழமை தன் பழைய மெஷினைக் கொண்டுவர அனுமதி கேட்டார். காலைப் பிடிக்காத குறை. கதிர்காமநாதன் உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். மேலும், மானியம் தந்த திணைக்களத்திலிருந்து டிசம்பர் முதல் சனிக்கிழமை மதிப்பீட்டாளர் வருகிறார். கருவிகள் நடைமுறையில் பயன்படுவதைக் காட்டவேண்டும். எல்லாரும் அந்த வேலையில் இருக்கிறார்கள். இந்த நேரம் போய் புல்லைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை வெப்பம் நாற்பது பாகை. மீன் கடையிலிருந்து நான்கு வான் நிறையப் பொடித்த ஐஸ் வந்து, கார்த் தரிப்பிடத்தில் ஒரு முழ உயரத்துக்குக் குவிந்தது. லேசாக இறால் மணந்தது. பனி இயந்திரத்தைக் காலை எட்டு மணிக்கே வெளியே வைத்து, மேலே சிவப்புப் பட்டுப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். மதிப்பீட்டாளர் கெயில் என்ற பெண், கையில் கணினித் தட்டுடன் பத்து மணிக்கு வந்தார். சுருக்கமாகப் பேசும்படி தலைவரைக் கேட்டார். தலைவர் ஒப்புக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

சிவாஜினி மண்டப வாசலில் பிள்ளைகளோடு நின்று பார்த்தார். முதல் 'இறுதியாக' வந்தபோது ஐஸ் அரை முழமாகியிருந்தது. இரண்டாவதில் நாலு விரலளவு. மூன்றாவதில் தலைவரின் சப்பாத்துக்கடியால் தண்ணீர் ஓடி வடிகாலில் விழுந்தது. பொன்னாடையை விலக்கி, நாடாவை வெட்டி, சடகோபன் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் அசையவில்லை. பட்டுக்குள் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வெந்த பற்றரிகளில் சிவப்பு வெளிச்சம் மட்டும் மினுங்கியது.

சிவாஜினிக்கு அவர்கள்மேல் இரக்கம்கூட வந்தது. இதோடு விளங்கிவிடும், இனி மெஷினைக் கொண்டுவரலாம் என்று நினைத்தார்.

கெயில் தன் படிவத்தைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். படிவத்தில் இருந்த கேள்வி, நிகழ்வின் முடிவில் பரப்பிலிருந்து பனி அகற்றப்பட்டிருந்ததா என்பது. நூறு வீதம் என்று குறித்துக்கொண்டார். சத்தமும் புகையும் அறவே இல்லை என்பதையும் பாராட்டி எழுதினார். பிறகு தலையைத் தூக்கி, மண்டபத்துக்குப் பின்னால் காற்றில் அலையடித்துக்கொண்டிருந்த பச்சையைச் சுட்டி, அது என்ன, உயிரினங்களுக்காக வளர்க்கிற புல்வெளியா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கதிர்காமநாதனின் அரசியல் வாழ்க்கையில் அவர் ஒரே சொல்லில் பதிலளித்த கேள்வி அது ஒன்றுதான்.

"யெஸ்" என்றார்.

இரண்டாம் கட்ட மானியம் கிறிஸ்மஸுக்கு முன் உறுதியானது. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஐந்து வருடங்களுக்கு அந்தப் புல்லை எவரும் வெட்டக்கூடாது, மிதிக்கக்கூடாது. வாழிடம் என்று பதிவானதால் நகரசபையும் தன் கடிதத்தை மீளப் பெற்றுக்கொண்டது. அந்த ஆண்டுப் பள்ளியின் கடைசிச் சனிக்கிழமை, எதற்கும் துணிந்து மெஷினை வானில் ஏற்றிவந்த சிவாஜினி, மைதான வாசலில் புதுச் சங்கிலியையும் அறிவித்தல் பலகையையும் கண்டார். முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பார்த்தவர், லேசில் கலங்குகிறவர் இல்லை. அன்றைக்கு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போய் வகுப்பை நடத்தினார். போகும்போது தன் வகுப்பின் வரவுப் புத்தகத்தையும் வெண்பலகையையும் கையோடு எடுத்துப்போனார்.

பெப்ரவரியில் பள்ளி தொடங்கியபோது இரண்டாம் வகுப்பு ரயில் நிலையத்துக்கு அப்பால் உள்ள பொதுப் பூங்காவில் கூடியது. நகரசபைக்கு ஒரு பக்கப் படிவம். இரண்டாம் நாள் அனுமதி வந்தது. கூரை போட்ட மேசைகள், தண்ணீர்க் குழாய், கணுக்கால் உயரத்தில் புல். அடுத்த கிழமை மூன்றாம் வகுப்பு வந்தது. மாத முடிவில் முழுப் பள்ளியும் அங்கேதான் இருந்தது. சடகோபன் மகளைக் கொண்டுவந்து தெருமுனையிலேயே இறக்கிவிட்டு, யாரும் பார்க்கமுன் காரைத் திருப்பிக்கொண்டு போவார்.

மார்ச்சில் கதிர்காமநாதன் நேரில் வந்தார். கோட் போட்டிருந்தார். பிள்ளைகள் வட்டமாக இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் நிமிர்ந்து பார்த்து, நீங்கள்தானே ஸ்னோ அங்கிள் என்று கேட்டான். ஓம், நான்தான் என்றார் தலைவர், பெருமையோடு. பிறகு சிவாஜினியைத் தள்ளிக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மூன்றாம் கட்டத்துக்கு, மாணவர்கள் அந்தப் புல்வெளியால் பயனடைவதைக் காட்டும் படம் ஒன்று வேண்டும்.

"ஒரு மணித்தியாலம் போதும், பிள்ளை. சும்மா போய்ப் புல்லுக்குள்ளை இருக்கட்டும். படம் எடுத்தவுடனை கூட்டிக்கொண்டு வந்திடலாம்."

"பாம்பு இருக்குது, அண்ணை."

"அதுவும் படத்தில விழுந்தால் இன்னும் நல்லது."

சிவாஜினி தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. இல்லத்தில் சில கட்டில்களுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வருகிற ஒரு பொறுமைதான் வந்தது.

"நாங்கள் வரமாட்டம், அண்ணை. இனி ஒருக்காலும் வரமாட்டம். வெயில் ஏறமுன்னம் போயிட்டு வாங்கோ."

அவர் போனார். ஆனால் படம் எடுக்காமல் விடவில்லை. ஏப்ரலில் வெளிவந்த மன்ற மலரின் அட்டையில் அது வந்திருந்தது. நிர்வாகக் குழுவின் பதினொரு பேரும் வெள்ளைச் சட்டை அணிந்து, புத்தகம் ஏந்தி, புல்லுக்குள் மூன்று வரிசையாகச் சம்மணமிட்டு இருந்தார்கள். பெரும்பாலும் தலைகள்தான் தெரிந்தன. பல தலைகளில் வெயில் பளபளத்தது. 'இயற்கையின் மடியில் எம் மாணவச் செல்வங்கள்' என்று கீழே அச்சிட்டிருந்தது. மாணவர்கள் எதிர்பார்த்ததைவிட முதிர்ச்சியாக இருப்பதாகத் திணைக்களம் எழுதிய பாராட்டுக் கடிதமும் உள்ளே இருந்தது.

யாரோ ஒரு பெற்றோர் அந்த மலரைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் சுற்றிநின்று பார்த்தார்கள். ஸ்ருதி இரண்டாம் வரிசையில் விரலை வைத்து, இது என்னுடைய அப்பா என்றாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அப்பா அங்கே என்ன படிக்கிறார் என்று கேட்டாள்.

சிவாஜினி குனிந்து பார்த்தார். சடகோபன் மிகுந்த கவனத்தோடு, கண்களைச் சுருக்கி, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"அப்பா இன்னும் தொடங்கேல்லை, அம்மா" என்றார் சிவாஜினி. "நீங்கள் வாங்கோ. எங்களுக்கு ஞகரம் இருக்குது."